"கேட்டிருந்தா முகத்தைக் காட்டியிருப்பாங்களா?"

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



காலையிலிருந்து வரவு செலவு, வங்கிக் கடன், தணிக்கை என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். இப்போது நாம் கணக்குப் பேசப் போவதில்லை. 2020, 2021 கொரோனா காலத்தில் நம் வீடுகளில் நடந்த ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். "அதுதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற சிலருக்கு அது இன்னும் முடியவில்லை. அதனால்தான் பேசுகிறோம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பக்கம் நம் குழு அக்கா ஒருவர் இருக்கிறார். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

2020 ஜூலை மாதம் நம் விருதுநகர் மாவட்டத்தில் தொற்று வேகமாகக் கூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதம் அவர் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. 108 வண்டி வாசலுக்கு வந்தது. "நீங்க வரக்கூடாதும்மா, வீட்டுலயே தனியா இருங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு மஞ்சப்பையில் வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துக் கொடுத்தார். அவசரத்தில் போனுக்குச் சார்ஜர் வைக்க மறந்துவிட்டார்.

அந்தச் சார்ஜரைப் பற்றி அவர் எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

மூச்சுத் திணறல் அதிகமானதால் வீட்டுக்காரரை வெளி மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நம் மாவட்டத்தில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. விருதுநகரில் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்தான். முதல் இரண்டு நாள் அவர் போனில் பேசினார். மூன்றாம் நாள் போன் ஸ்விட்ச் ஆஃப். இங்கே அக்கா வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே வர முடியாது. எந்த வார்டு என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் யாருக்குப் போன் பண்ணுவது என்றும் தெரியாது. ஐந்தாம் நாள் ராத்திரி அங்கிருந்து ஒரு போன் வந்தது. அவ்வளவுதான்.

அக்காவின் அண்ணன் மகன்தான் இ-பாஸ் எடுத்துக்கொண்டு போனார். தூரத்தில் நிறுத்தி வைத்து ஒரு பையைக் காட்டியிருக்கிறார்கள். முழுக்க மூடிய பை. அங்கேயே தகனம். நீர்மாலை எடுக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, ஒப்பாரி வைக்க ஒரு ஆள் இல்லை. கேதம் கேட்கவும் யாரும் வரவில்லை. தகரம் அடைத்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

ஒரு வருசம் வரை அவருடைய சட்டை கொடியிலேயே கிடந்தது. "அந்தப் பைக்குள்ள இருந்தது அவருதான்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

எங்கள் தப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் இறந்து ஒன்பதாம் நாள் எங்கள் அலுவலகத்திலிருந்து அந்த அக்காவுக்குப் போன் போனது. துக்கம் விசாரித்தோம். கூடவே குழுவில் தவணை நிலுவை பற்றியும் கேட்டுவிட்டோம். அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் அது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழுவின் பதினான்கு உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. நோய்க்குப் பயம், சரி. ஆனால் போன் பண்ணுவதற்கு நோய் ஒட்டாதே?

ஏன் உள்ளே விடவில்லை?

ஆஸ்பத்திரியைத் திட்டுவதற்காக இதைப் பேசவில்லை. ஏன் கட்டுப்பாடு வந்தது என்று முதலில் புரிந்துகொள்வோம்.

அது புது நோய். மருந்து தெரியாது, தடுப்பூசி இல்லை. தமிழ்நாட்டில் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரையில் நடந்தது. அன்றைக்குத்தான் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. கவச உடையும் முகக்கவசமும் டாக்டர், நர்ஸ்களுக்கே பற்றாத நேரம். நம் குழுக்களே முகக்கவசம் தைத்துக் கொடுத்தோம், மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நோயாளியைப் பார்க்க நான்கு பேர் போய், அந்த நான்கு பேரும் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினால் ஊரே படுத்துவிடும். அந்தப் பயம் நியாயமானது. சிகிச்சை கொடுத்த டாக்டர்களும் நர்ஸ்களும் தூய்மைப் பணியாளர்களும் பலர் இறந்தார்கள். அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்க்காமல் வாரக்கணக்கில் தனியாகத் தங்கினார்கள்.

ஆகவே, கூட்டத்தை நிறுத்தியது சரி. ஒருவரைக்கூட விடாமல் நிறுத்தியதும், கடைசி நேரத்திலும் நிறுத்தியதும், போன்கூட எட்டாமல் போனதும்தான் கேள்வி.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் "கூட இருக்கிறவங்க" என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் இல்லை. பெரும்பாலும் பெண்கள்தான் இருப்போம். கஞ்சி ஊட்டுவது, உடம்பு துடைப்பது, பெட்பேன் எடுப்பது, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுவது எல்லாம் நாம்தானே? நம்மை வெளியே நிறுத்தியதும் அந்த வேலை முழுவதும் ஒரு சில நர்ஸ்கள் தலையில் விழுந்தது. முப்பது பேரை ஒருவர் பார்த்தால் யாருக்குத் தண்ணீர் கொடுப்பார், யாரிடம் போய்ப் பேசுவார்? ஆகவே துணைக்கு ஒருவர் இருப்பது பாசம் மட்டும் இல்லை, வைத்தியத்திலும் பாதி அதுதான்.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா?

இதைத்தான் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும்.

2020 மார்ச் 15-ஆம் தேதியே, ஊரடங்கு வருவதற்கு முன்பே, மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனாவில் இறந்தவர் உடலை எப்படிக் கையாள வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்:

- ஊழியர்கள் பாதுகாப்போடு பையின் தலைப் பக்கத்து ஜிப்பைத் திறந்து, சொந்தக்காரர்களைக் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க விடலாம்.
- உடலைத் தொடாமல் செய்கிற சடங்குகளைச் செய்யலாம். மந்திரம், வேதம் படிப்பது, புனித நீர் தெளிப்பது போன்றவை.
- குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது கூடாது. பெரிய கூட்டம் கூடாது.
- சாம்பலால் நோய் வராது. அதை வாங்கிக்கொண்டு போய்க் கடைசிக் காரியம் செய்யலாம்.

அடுத்தது உச்ச நீதிமன்றம். கொரோனா நோயாளிகளின் சிகிச்சையையும் இறந்தவர்கள் உடலை மரியாதையாகக் கையாள்வதையும் பற்றி நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 2020 ஜூன் 19 அன்று உத்தரவு வந்தது. கொரோனா ஆஸ்பத்திரி வளாகத்தில், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், நோயாளிக்குத் துணையாக விருப்பமுள்ள ஒருவர் இருக்க அனுமதிக்க வேண்டும். நோயாளி எப்படி இருக்கிறார் என்று நேரிலும் போனிலும் கேட்க ஒரு உதவி மையம் இருக்க வேண்டும். வார்டுக்குள் போகலாம் என்று அதில் சொல்லவில்லை. ஆனால் வளாகத்தில் ஒருவர், விசாரிக்க ஒரு நம்பர், இரண்டும் உத்தரவில் இருந்தன.

நம் அக்காவின் வீட்டுக்காரர் இறந்தது அதற்கு அடுத்த மாதம்.

ஒரு பயிற்சியில் இந்த வழிகாட்டுதலை நாங்கள் சத்தமாக வாசித்தோம். அந்த அக்காவும் உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, கேட்டிருந்தா முகத்தைக் காட்டியிருப்பாங்களா மேடம்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. காட்டியிருக்கலாம், நெருக்கடியில் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் அண்ணன் மகனுக்கும் தெரியாது. அது தெரிந்து வைத்திருக்க வேண்டிய நாங்களும் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லவில்லை.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. லண்டனில் 2020 மார்ச் கடைசியில் 13 வயதுப் பையன் ஒருவன் பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்த நாடே கலங்கியது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, முடிந்த இடங்களில் எல்லாம் நெருங்கிய குடும்பத்தார் விடைபெற வழி செய்வோம் என்று அந்த நாட்டுச் சுகாதார அமைச்சர் அறிவித்தார்.

டெல்லியில் 2020 ஜூனில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில், நோயாளிகள் வீட்டாரோடு வீடியோ காலில் பேச ஏற்பாடு செய்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2021 ஜூன் கடைசியில், இறந்தவர் உடலை ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் வைத்துக் காரியம் செய்யலாம் என்று அறிவித்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம்தான் உச்சம். மே 21 அன்று ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று. அந்த மாதம் 30-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கவச உடை போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளிடம் பேசியதை டிவியில் பார்த்தோம். முறையான பாதுகாப்போடு வெளி ஆள் ஒருவர் உள்ளே போய்வர முடியும் என்று அன்று தெரிந்தது. எல்லோருக்கும் கவச உடை கொடுக்க முடியாதுதான். சாகக் கிடக்கிறவரின் மனைவிக்கோ மகளுக்கோ ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கொடுக்கலாமே என்றுதான் நாம் கேட்கிறோம்.

தப்பு அரசாங்கம், ஆஸ்பத்திரி பக்கம் மட்டும் இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைப் புதைக்க விடாமல் அடித்து விரட்டியது பொதுமக்கள்தான். மனைவியும் மகனும் அங்கே நிற்க முடியாமல் போக, கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவர் ராத்திரியில் குழியை மூடினார். அதற்குப் பிறகுதான், அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வியாதியை விடப் பயம் பெரிதாக இருந்தது. நம் தெருக்களிலும் அது இருந்தது.

நான்கு நிமிடம்

இன்னொரு தங்கச்சி கதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். 2021 மே மாதம் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில். உள்ளே விடவில்லை. இந்தத் தங்கச்சி ஒரு காரியம் செய்தார். அம்மாவைச் சேர்க்கும்போதே இரண்டு போன் நம்பரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, அம்மாவின் சேலை முந்தியில் ஊக்குக் குத்திவிட்டார். "சிஸ்டர், எது ஆனாலும் இந்த நம்பர்ல சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் விடியற்காலை ஒரு சிஸ்டர் தன் சொந்தப் போனில் கூப்பிட்டார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலம்மா. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க." இந்தத் தங்கச்சி அழாமல் பேசினார். "அம்மா, பேரன் சாப்பிட்டான். ஆட்டைக் கட்டிப் போட்டாச்சு. தண்ணி பிடிச்சு வச்சாச்சு. நீ எதுக்கும் கவலப்படாதே." நான்கு நிமிடம் பேசியிருப்பார். அம்மா பதில் சொல்லவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். மத்தியானம் இறந்துவிட்டார்.

இந்தத் தங்கச்சியும் அழுகிறார். ஆனால் "எங்கம்மா என் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போனா" என்கிறார். சத்திரப்பட்டி அக்காவுக்குச் சொல்லிக்கொள்ள அப்படி எதுவும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

கொரோனா மறுபடி வருமா என்று நமக்குத் தெரியாது. வேறு தொற்று வரலாம். தொற்றே இல்லாவிட்டாலும் ஐ.சி.யூ.வில் இருப்பவரைப் பார்க்க இன்றைக்கும் கட்டுப்பாடு உண்டு. அதனால் இவை எப்போதும் உதவும்:

1. ஆஸ்பத்திரிப் பை: போன், சார்ஜர், மூக்குக்கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இரண்டு போன் நம்பர் எழுதிய அட்டையை உடம்போடு இருக்கிற துணியில் ஊக்குக் குத்திவிடுங்கள். பை மாறிப் போகலாம், துணி போகாது.

2. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்: பத்துப் பேர் போன் பண்ணினால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. ஒருவர் பொறுப்பு எடுங்கள். எந்த வார்டு, எந்தக் கட்டில், எந்த நேரத்தில் யாரிடம் கேட்கலாம் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

3. நிலைமை மோசம் என்று சொன்னால்: "ஒரே ஒரு ஆள், ஐந்து நிமிசம், நீங்க சொல்ற பாதுகாப்போட பார்க்கலாமா? இல்லைன்னா போன்லயாவது பேச விடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். வார்டு டாக்டர் முடியாது என்றால் ஆர்.எம்.ஓ.விடம் கேளுங்கள். வெள்ளைத்தாளில் மனுவாக எழுதிக் கொடுங்கள். சண்டை வேண்டாம். நர்ஸும் நம்மைப் போல ஒரு பெண்தான்.

4. இறந்துவிட்டால்: முகம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போகிறவர் ஒருவராக இருந்தாலும், "நான் பார்த்தேன்" என்று வீட்டில் வந்து சொல்லட்டும். தொடாமல் செய்கிற காரியத்தைச் செய்யுங்கள். சாம்பலைப் பயமில்லாமல் வாங்குங்கள்.

5. குழுவின் கடமை: முதல் நாளிலிருந்து தினம் ஒரு உறுப்பினர் போன் பண்ண வேண்டும். அரிசி, காய்கறி வாசலில் வைக்க வேண்டும். பதினாறு நாள் வரை கடன் பேச்சே கூடாது. எங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

6. இப்போதே பேசுங்கள்: வீட்டுப் பெரியவர்களிடம், "முடியாம போனா யாரு பக்கத்துல இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு வையுங்கள். அபசகுனம் என்று தள்ளாதீர்கள்.

நம் தமிழ்நாட்டில் பிரசவ வார்டில் பெண்ணோடு ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்ற முறை இருக்கிறது. ஒரு உயிர் வரும்போது துணை வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். போகும்போதும் அது வேண்டும் என்று நாம் கேட்போம்.

நடக்காத கேதம்

இந்த ஊர் ஆடிப்பூரத் தேர் 2020-லும் 2021-லும் ஜனம் கூடி இழுக்க முடியவில்லை. 2022-ல் மறுபடி ஓடியது. எத்தனை பேர் வடம் பிடித்தோம்! நின்று போன தேர் திரும்ப ஓடியது. நின்று போன திருவிழா, கல்யாண விருந்து எல்லாம் திரும்ப நடத்தினோம். நின்று போன கேதத்தை மட்டும் யாரும் நடத்தவில்லை. தமிழ்நாட்டில் அரசுக் கணக்கிலேயே 38 ஆயிரம் பேருக்கு மேல் கொரோனாவில் இறந்தார்கள். அத்தனை வீட்டிலும் கேதம் கேட்க ஆள் வரவில்லை.

சத்திரப்பட்டி அக்காவின் குழு போன வருசம் ஒரு காரியம் செய்தது. வீட்டுக்காரர் இறந்த நாளில் பதினான்கு பேரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். நாங்களும் போனோம். பாயை விரித்து உட்கார்ந்து, வழக்கம் போலக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "வர முடியலக்கா, எங்கள மன்னிச்சுக்கோ" என்று ஊக்குநர் சொன்னார். அந்த அக்கா ரொம்ப நேரம் அழுதார். அப்புறம் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டோம். இன்றைக்கும் கேட்கிறார். ஆனால் இப்போது தனியாக உட்கார்ந்து கேட்கவில்லை.

ஆகவே, இந்தப் பொதுக்குழு முன் ஒரு தீர்மானம் வைக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும், கொரோனாவில் ஆளை இழந்த உறுப்பினர் யார் யார் என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டும். அந்த வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் போய்வர வேண்டும். கை உயர்த்திச் சம்மதம் சொல்லுங்கள்.



(தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.)

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

- கொரோனா நேரத்தில் நம் குழுவில் யார் வீட்டுக்கு நாம் போகாமல் இருந்தோம்? இப்போது போகலாமா?
- நம் பகுதி அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் என்ன? விசாரிக்க எந்த நம்பர்? யார் கேட்டு வந்து சொல்வது?
- உங்கள் வீட்டு ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?